மானியம் உழுகிறவருக்கா, பட்டாக்காரருக்கா?

பி.எம். கிசான் பணம் வரவில்லை என்று இ-சேவை மையத்துக்கு அலைகிறவர்களில் பலருடைய சிக்கல் ஒன்றுதான். காடு இவர் உழுகிறார், பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது.

மத்திய அரசு விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் போடும் திட்டம் இது. சாகுபடி நிலம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், அதுவும் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலவரப்படி. அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவருக்குக் கிடையாது. பட்டாதாரர் இறந்து வாரிசுக்கு மாறிய நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து ஒரே குடும்பக் கணக்கு. வருமான வரி கட்டுகிறவர் வாங்கக் கூடாது. திருப்பூரில் பனியன் கம்பெனியோ சோமனூரில் தறிப்பட்டறையோ நடத்தி வரி கட்டுகிறவர், ஊரில் இரண்டு ஏக்கர்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கோ உழுகிறவருக்கு இதில் ஒரு ரூபாயும் இல்லை. பயிர்க் காப்பீட்டில் அவருக்கு இடம் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.), நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்கிப் பதியலாம். காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டக்கலைப் பயிர்களுக்கு விவசாயியின் பங்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். மீதியை அரசுகள் கட்டுகின்றன. கையெழுத்தில்லாத வாய்மொழிக் குத்தகைதான் நம் பக்கம் வழக்கம் என்பதால், இங்கேயும் நிலக்காரர் மனசு வைத்தால்தான் நடக்கும்.

சொட்டு நீர்ப் பாசனத்துக்கு வருவோம். ஐந்து ஏக்கர் வரையுள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்க வேண்டும். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் வேண்டும். பணம் உங்கள் கைக்கு வராது, குழாய் போடும் கம்பெனிக்குப் போகும். அதனால் குழாய் போட்டதும் அதிகாரிகள் பார்வையிட வரும்போது பக்கத்தில் நின்று, சொன்ன அளவுக்குப் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஆனால் இதற்கும் கிணறோ போர்வெல்லோ முதலில் இருக்க வேண்டுமே!

இலவச மின்சாரமும் அப்படித்தான். 1970-இல் மின் கட்டண உயர்வை எதிர்த்துக் கோவைப் பக்கம் கிளம்பிய போராட்டத்தில், பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். எல்லா விவசாயிக்கும் இலவசம் என்று ஆனது 1990-இல்தான். சும்மா வந்த சலுகை இல்லை அது. ஆனாலும் கணக்குப் பார்த்தால், இதில் ஏக்கர் வரம்பு கிடையாது. ஆயிரம் அடி போரில் பெரிய மோட்டார் ஓட்டும் தென்னந்தோப்புக்காரருக்கு, பழைய கிணற்றில் சின்ன மோட்டார் வைத்திருப்பவரைவிடப் பல மடங்கு போகிறது. மூலனூர்ப் பக்கம் மானாவாரிச் சோளம் போடுகிறவருக்கு ஒன்றுமே இல்லை. இணைப்புக்கு வரிசையில் காத்திருக்க முடியாதவர் தட்கல் என்ற விரைவு இணைப்பில் லட்சக்கணக்கில் கட்டி முந்திக்கொள்ளலாம். அதற்கும் கையில் காசு வேண்டும். தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் இலவச மின்சாரத்தில்தான் பாய்ச்சுகிறார், சரி. ஆனால் தண்ணீருள்ள தோட்டம் என்று குத்தகையும் ஏறிவிடுகிறதே.

நிலமே இல்லாதவருக்கு நேராகப் போய்ச் சேருவது என்றால் பால்தான். கூட்டுறவுப் பால் சொசைட்டிக்கு ஊற்றும் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை 2023 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு யாரும் பட்டா கேட்பதில்லை. மாடும் சொசைட்டிக் கணக்கும் போதும்.

பட்டா தாத்தா பெயரில் இருப்பவர்கள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு பட்டா மாறுதலுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். பங்காளிகளுக்குள் பாகம் பிரியவில்லையென்றால் கூட்டுப் பட்டாவாகவாவது எல்லார் பெயரையும் ஏற்றிவிடுங்கள். விவசாயிக்கான தனித்துவ அடையாள எண்ணும் நிலப் பதிவை வைத்தே கொடுக்கப்படுகிறது. உங்கள் பெயர் அதில் இல்லாவிட்டால், அடுத்தடுத்த திட்டங்களுக்கும் இதே அலைச்சல்தான்.