கலோரிக் கணக்கும் சிறுகுடலின் பிரேக்கும்

“நாள் முழுவதும் வேலை, சமைக்கவும் நிதானமாகச் சாப்பிடவும் நேரமில்லை. உறையில் கலோரி அச்சிட்ட உணவுகளை மட்டுமே வாங்கி, நாளுக்கு 1,500ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் எடை குறையாதா? உணவின் தரத்தைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு?” என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். செலவிடும் ஆற்றலைவிட உண்ணும் ஆற்றல் குறைந்தால், உடல் தன் சேமிப்பிலிருந்து பற்றாக்குறையை ஈடுகட்டும். இது பள்ளிப் பாடம், இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆகவே கேள்வியின் முதற்பாதிக்கு விடை, குறையும் என்பதே.

இதற்குச் சற்று வேடிக்கையான சான்று ஒன்றும் உண்டு. 2010இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப், கிரீம் அடைத்த கேக் போன்ற தின்பண்டங்களையே முதன்மை உணவாகக் கொண்டு, நாளுக்கு ஏறத்தாழ 1,800 கலோரி என்ற வரம்புக்குள் 10 வாரங்கள் இருந்தார். அவருடைய எடை சுமார் 12 கிலோ குறைந்தது. உடன் ஒரு புரதப் பானம், சத்து மாத்திரை, கொஞ்சம் காய்கறி ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டார் என்பது இந்தக் கதையைத் திரும்பச் சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடும் செய்தி. அதைவிட முக்கியமானது, உணவின் ஆற்றலைக் கணக்கிடுவதே தொழிலாகக் கொண்ட ஒருவர், பத்து வாரமும் ஒவ்வொரு துண்டையும் எண்ணிச் சாப்பிட்டார் என்பது. வேலைப்பளு மிகுந்தவர்களிடம் இல்லாதது அந்தக் கவனம்தான். அது இல்லாதபோது கணக்கு எவ்வளவு தவறும் என்பதற்கு 1992இல் வெளியான ஓர் ஆய்வு சான்று. குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன பருமனானவர்களின் ஆற்றல் செலவை, ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் கனமான வகைகள் (ஐசோடோப்புகள்) கலந்த நீரைக் குடிக்கச் செய்து அளந்தபோது, அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துக் குறித்திருந்தது தெரியவந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நினைவு அவ்வளவுதான் பிடித்துவைக்கும்.

எடையைக் கலோரி தீர்மானிக்கிறது. ஆனால் நாம் கணக்குப் பார்க்காத நேரத்தில் எத்தனை கலோரி உள்ளே போகும் என்பதைப் பெரும்பாலும் உணவின் தரமே தீர்மானிக்கிறது. இதை மிகத் துல்லியமாகக் காட்டியது, அமெரிக்க தேசிய நல ஆய்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு. 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் தயாராகும், அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும், இரண்டு வாரம் பெரிதும் பதப்படுத்தப்படாத உணவையும் கொடுத்து, வேண்டிய அளவு உண்ணலாம் என்று விட்டுவிட்டார்கள். முன்னால் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இருந்தும் பதப்படுத்தப்பட்ட உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ கூடி, மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தார்கள். பதப்படுத்தப்பட்ட உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

காரணம் இதுதான் என்று அந்த ஓர் ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. என்றாலும் அதில் ஒரு நுணுக்கம் என்னை ஈர்க்கிறது. பதப்படுத்தப்பட்ட உணவில் நார்ச்சத்து இயல்பாகவே குறைவு என்பதால், கணக்கைச் சமப்படுத்த அதைப் பானங்களில் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். தாளில் இரு உணவுகளின் நார்ச்சத்தும் சமம். ஆனால் ஒன்றில் அது உணவைச் சுற்றி நிற்கும் சுவர். மற்றொன்றில் தண்ணீரில் மிதக்கும் தூள்.

அந்தச் சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாவர உணவின் கொழுப்பும் மாவுச்சத்தும் புரதமும் செல்களுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லையும் செல்லுலோஸ் கலந்த சுவர் சூழ்ந்திருக்கிறது. அந்தச் சுவரைச் செரிக்கும் நொதி எதையும் மனித உடல் சுரப்பதில்லை. பாதாம் பருப்பின் ஒரு செல், மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அகலமுடையது. நாம் மென்று விழுங்கும் துணுக்குகள் அதைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆகையால் துணுக்கின் விளிம்பில் உடைந்த செல்களின் எண்ணெய் மட்டுமே உடனே வெளிவருகிறது, உட்பகுதியில் உள்ள செல்கள் மூடிய பேழைகளாகவே குடலுக்குள் பயணம் செய்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வர்கள் 2012இல் இதை அளந்தே காட்டினார்கள். 28 கிராம் பாதாமில் 170 கலோரி இருப்பதாக வழக்கமான கணக்கு சொல்ல, உடலுக்குக் கிடைத்தது 129 மட்டுமே. வழக்கமான கணக்கு என்பது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் வகுத்த முறை: புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. பல உணவுகளின் சராசரியாக அது இன்றும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் உணவின் உள்கட்டமைப்பு அதற்குத் தெரியாது. பின்னர் 2016இல் நடந்த ஆய்வில், பாதாமை வறுத்து நறுக்கிக் கொடுத்தபோது கிடைத்த ஆற்றல் சற்று உயர்ந்தது. விழுதாக அரைத்துக் கொடுத்தபோது வித்தியாசம் மறைந்து, அட்வாட்டர் கணக்கே சரியாகிவிட்டது. சேர்மானம் மாறவில்லை, சுவர் மட்டுமே உடைந்தது.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது, உணவு குடலின் எந்த இடத்தில் உறிஞ்சப்படுகிறது என்பதன் விளைவு. அரைத்ததும் கரைத்ததுமான உணவு சிறுகுடலின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. சுவருக்குள் இருக்கும் உணவோ மெல்ல மெல்லவே வெளிப்படுவதால், அதில் ஒரு பங்கு சிறுகுடலின் கடைப்பகுதிவரை போய்ச் சேர்கிறது. அங்கே குடற்சுவரில் செறிந்திருக்கும் ‘எல்’ செல்கள், தம்மைச் சத்து வந்து தொட்டதும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்னும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அவை இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கின்றன. மேற்குடலின் அசைவைத் தளர்த்துகின்றன. வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போதும் என்ற செய்தி போகிறது. இதை உடலியலாளர்கள் சிறுகுடலின் பிரேக் என்றே அழைக்கிறார்கள். 1980களில் தன்னார்வலர்களின் சிறுகுடற் கடைப்பகுதிக்கு மெல்லிய குழாய் வழியாகக் கொழுப்பை நேரடியாகச் செலுத்திப் பார்த்தபோது, நாவில் எதையும் சுவைக்காமலேயே அவர்கள் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். நாம் கணக்கு எழுத மறந்தாலும் குடலின் அந்தக் கடைக்கோடி மறப்பதில்லை. அதுவரை எதையாவது அனுப்பி வைக்க வேண்டும், அவ்வளவே. ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்கும் உணவில், இந்தப் பிரேக் விழுவதற்குள் கோப்பையே காலியாகிவிடுகிறது.

இன்று பரபரப்பாகப் பேசப்படும் செமாக்ளூடைடு போன்ற எடைகுறைப்பு மருந்துகள் இதே ஜிஎல்பி-1ஐப் போலச் செயல்படுபவைதான். அதைப் பற்றிக்கொண்டு, இயற்கையாகவே ஜிஎல்பி-1ஐப் பெருக்கி மருந்துக்கு ஈடாக உழைக்கும் என்று சில பொடிகளும் பானங்களும் விற்கப்படுகின்றன. உடல் சுரக்கும் ஜிஎல்பி-1இல் பாதி, ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் சிதைந்துவிடுகிறது; மருந்தில் பாதி குறைய ஒரு வாரம் ஆகிறது. இரண்டையும் ஈடாக்கிப் பேசுவது, கொழுப்பை உருக்கும் பானம் என்ற பழைய நம்பிக்கைக்குப் புது அங்கி அணிவிப்பதாகும். உணவால் விழும் பிரேக் மென்மையானது; ஒரு வேளைக்கானது; அடுத்த வேளை மறுபடியும் அதை இயக்கியாக வேண்டும்.

இத்துறையில் திருத்தமான ஆய்வுகள் அரிதாக இருப்பதற்குக் காரணம் பணம். மனிதர்களை வாரக்கணக்கில் தங்கவைத்து, ஒவ்வொரு கிராமையும் நிறுத்துக் கொடுப்பதற்கு ஆகும் செலவில், உண்டதை நினைவிலிருந்து எழுதச் சொல்லும் பல வினாத்தாள் ஆய்வுகளை நடத்திவிடலாம். அதனால் வினாத்தாள்களே பெருகுகின்றன. மேலே சொன்ன பாதாம் ஆய்வுக்கே பாதாம் விளைவிப்போரின் வாரியமும் நிதியளித்தது. முடிவு அளந்து பெறப்பட்டது என்பதால் அதை நான் ஏற்கிறேன். ஆயினும் எந்த உணவு ஆராயப்பட வேண்டும் என்பதை விற்பவர் முடிவு செய்யும் நிலை நல்லதல்ல. பொதுப்பணம் இங்கே தாராளமாகச் செலவிடப்பட வேண்டும் என்பது என் கருத்து.

நேரமில்லாதவருக்கு இதிலெல்லாம் என்ன பயன்? முதலில், பதப்படுத்துதல் அனைத்தும் சுவரை உடைப்பதில்லை. பயறு வகைகளை முழுதாக வேகவைக்கும்போது செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைவதால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றனவே தவிர, பெரும்பாலானவை உடைவதில்லை. மாவுச்சத்து உள்ளேயே தங்குகிறது. டப்பாவில் அடைத்த முழுப் பயறும் அப்படியே. திறந்து உண்ண இரண்டு நிமிடம் போதும். அதையே முதலில் மாவாக அரைத்துவிட்டால் சுவர் போய்விடுகிறது. அடுத்தது புரதம். செரிமானத்துக்கும் உடல் ஏற்பதற்கும் புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. கொழுப்பில் 3 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. எடை குறையும்போது தசை கரையாமல் காப்பதும் புரதம்தான். கலோரிக் கணக்கையும் நான் தள்ளிவிடச் சொல்லவில்லை: எண்ணெய், விதை, பருப்பு போன்ற செறிவான பொருள்களின் அளவை ஓரிரு வாரம் நிறுத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு மதிப்பு பழகிவிடும், பிறகு தினமும் எழுத வேண்டியதில்லை.

கடைசியாக, நேரமில்லாதவர் முதலில் வெட்டுவது தூக்கத்தை. நாளுக்கு ஆறரை மணிக்கும் குறைவாகத் தூங்கிய, எடை கூடுதலான 80 பேரில் ஒரு பாதியினருக்குத் தூங்கும் நேரத்தை நீட்டிக்க மட்டும் ஆலோசனை கொடுத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. உணவைப் பற்றி அவர்களிடம் எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டு வாரம் ஏறத்தாழ 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கியவர்கள், வழக்கம்போல் தூங்கியவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாக உண்டார்கள்.