மயில் விரட்டும் ஒலிப்பெட்டி: 100 வாட் எங்கே போகிறது?

அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஒரு சிறு பெட்டியைப் புதருக்குள் மறைத்துவைத்து, அடிபட்ட முயலின் அலறலை ஒலிக்கவிடுவார்கள். இரை கிடைத்ததென்று கயோட்டி என்ற காட்டு நாய் ஓடிவரும். அழைக்கிற அந்தப் பெட்டியையே விரட்டவும் வைக்கலாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டைகளில் (வயல்வெளிகளில்) நெல் பால் பிடிக்கும்போது இறங்கும் கிளிக்கும், கச்சான் (நிலக்கடலை) பாத்தியைக் கிளறும் மயிலுக்கும் வேண்டியது அதுதான்.

வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது '100 வாட்' என்ற எழுத்து. அதை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் பற்றரியில் நேரே ஓடும் அம்ப்ளிஃபையர் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் கொடுக்கக்கூடியது, 12ஐ 12ஆல் பெருக்கி, 8இன் இரட்டிப்பான 16ஆல் வகுத்தால் வருவது: 9 வாட். 4 ஓம் என்றால் 18. உள்ளே வோல்ட்டைக் கூட்டும் பலகை இல்லாவிட்டால் இதற்கு மேல் வராது. வொலியூமை முறுக்கினால் ஒலி கரகரக்கும், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளும் கருகும்.

இன்னொன்று: ஒலியை டெசிபெலில் அளப்பார்கள்; வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல்தான். தூரம் இரட்டித்தால் குறைவதோ 6 டெசிபெல். ஆகவே இரண்டு மடங்கு தூரம் கேட்க நாலு மடங்கு வாட் வேண்டும். அந்தக் காசைக் கோயில் திருவிழாவில் கட்டுகிற மாதிரிக் குழாய் ஸ்பீக்கரில் போடுங்கள். குழாயின் விரிந்த வாய் காற்றை நன்றாகப் பிடித்துத் தள்ளுவதால், சிறு பெட்டி ஸ்பீக்கரைவிட 10 டெசிபெலுக்கு மேல் கிடைக்கும். அது பத்து மடங்கு வாட்டுக்குச் சமம்.

குழாய்க்குத் தாழ்ந்த சுருதி வராது. சிறுத்தையின் உறுமல் அதில் தகரம் சுரண்டுவதுபோல் கேட்கும். பறவைகளுக்கு நன்றாகக் கேட்பது 1 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை. அதைக் குழாய் அழகாகக் கொடுக்கும். 'மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி' என்று விற்பதைப் பறவைக்காக வாங்காதீர்கள், அதற்கும் கேட்காது.

நீங்களே பூட்டுவதென்றால் எம்பி3 பலகை, மைக்ரோ எஸ்டி கார்டு, 12ஐ 5 வோல்ட்டாக இறக்கும் பலகை, அம்ப்ளிஃபையர் போதும். எம்பி3 பலகையை நேரே 12 வோல்ட்டில் கொடுத்தால் அந்த நிமிடமே போய்விடும். அதிகம் கண்ணில் படாத பிழை வேறு. வயர் மெல்லியதானால், சத்தம் உச்சத்துக்குப் போகும்போது வோல்ட் சரிந்து பலகை மறுபடி முதல் ஒலியிலிருந்து தொடங்கும். நாள் முழுக்க ஒரே கூவல்! மயிலுக்கு அது பழக அதிக நாள் வேண்டாம். தடித்த வயர் போட்டு, 5 வோல்ட் பக்கத்தில் 1000 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று வையுங்கள்.

ஒழுங்கான இடைவெளியும் பறவையைப் பழக்கிவிடும். அரை நிமிடம் ஒலித்து, பிறகு 5 முதல் 12 நிமிடம் வரை மாறி மாறி ஓயட்டும். அப்படி ஓடினால் 7 அம்பியர்-மணி பற்றரி பகலுக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் தாங்கும். பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் ஈயப் பற்றரி சீக்கிரம் செத்துவிடும்.

சிறுபோகத்தில் கச்சான் எனப்படும் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேலே வளைந்து கதிருக்கு மேலால் போய்விடும். எனவே குழாயை மேற்கு வரம்பில் நட்டு, வாயைக் கிழக்கே திருப்புங்கள். வாய் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர் நிற்கும்.