பட்ச் நம்பரைக் கிழித்தெறியாதீர்கள்

பெரிய உணவுக் கொம்பனி ஒன்றில் தரவுக் கட்டமைப்பாளராக இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தபடிதான் பெரும்பாலும் வேலை. ஒரு பிஸ்கற் பக்கற்றில் பிழை என்று தெரிந்தால், அதோடு சேர்ந்து செய்த மற்றப் பக்கற்றுகள் எங்கெல்லாம் போயின என்று உடனே தேடிப்பிடிக்க வழி செய்து வைப்பது என் பொறுப்பு.

பார்கோட்டில் எல்லாம் இருக்கிறதென்று பலர் நம்புகிறார்கள். கடையில் ஸ்கேன் பண்ணும் அந்த 13 இலக்கங்கள் இன்ன கொம்பனியின் இன்ன பொருள் என்பதோடு நின்றுவிடும். போன மாதம் செய்ததற்கும் நேற்றுச் செய்ததற்கும் ஒரே இலக்கம்தான். காலாவதித் திகதியும் அதில் இல்லை. 479 என்று தொடங்கினால் இலங்கையில் செய்தது என்பதும் சரியல்ல. அந்த இலக்கத்தை இலங்கையில் பதிந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒரு நாளின் உற்பத்தியை இன்னொரு நாளினதிலிருந்து பிரித்துக் காட்டுவது, மையால் அடித்திருக்கும் பட்ச் நம்பர்.

அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு லேசானதல்ல. மா கொட்டி வைக்கும் பெரிய தொட்டியான சைலோவில் பழைய மா முடியுமுன்பே புது லோட்டை மேலே கொட்டுவார்கள். எது எங்கே முடிந்ததென்று ஒருவராலும் கோடு கீற முடியாது. ஆகவே அந்த நேரத்தில் குழைத்த மாவோடு இரண்டு லோட்டையும் சேர்த்தே பதிகிறோம். அடுத்தது உடைசல். உடைந்த பிஸ்கற்றை அரைத்து அடுத்த குழையலில் ஓரளவு சேர்ப்பது இந்தத் தொழிலில் வழமை. அப்போது செவ்வாய்க்கிழமைப் பிஸ்கற்றுக்குள் திங்கட்கிழமை மாவும் பாலும் இருக்கும். கச்சான் போட்ட பிஸ்கற்றின் உடைசல் கச்சான் போடாததற்குள் போய்விட்டால், ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிராபத்து. உடைசல் கணக்கு இல்லாத தரவுத்தளத்தை, எவ்வளவு வேகமாக ஓடினாலும், நான் ஏற்பதில்லை.

2009இல் அமெரிக்காவில் ஒரேயொரு கச்சான் நிறுவனத்தின் சரக்கில் சல்மொனெல்லா கிருமி இருந்ததால் 3,900க்கும் மேற்பட்ட பொருட்களைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. பிஸ்கற், ஐஸ்கிரீம், நாய்ச் சாப்பாடு வரை அது பரவியிருந்தது.

எங்கள் பக்கத்தில் சங்கிலி அறுவது கடைசிக் கண்ணியில். ஏஜென்சி வரை பட்ச் பதிவு உண்டு. ஏஜென்சி லொறி சின்னக் கடையில் இறக்கும்போது பில்லில் பொருளின் பெயரும் எண்ணிக்கையும்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கடைக்காரர் கேட்டார்: "தம்பி, பெட்டிய உடைச்சு அடுக்கினாப்பிறகு எது எந்தப் பெட்டியில வந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?" "பெட்டி வேண்டாம் அண்ணை, பக்கற்றிலயே அடிச்சிருக்கு. விலை ஸ்டிக்கரை மட்டும் அதுக்கு மேல ஒட்டாதேங்கோ" என்றேன்.

வீட்டிலும் இதே கதைதான். பால்மாவைப் போத்தலில் கொட்டியதும் பக்கற் குப்பைக்குப் போகிறது. நம்பர் அடித்த துண்டை வெட்டிப் போத்தலில் ஒட்டுங்கள். முறைப்பாடு செய்வதென்றால் கொம்பனிக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ முதலில் கொடுக்க வேண்டியது அந்த நம்பர்தான். பட்ச், காலாவதி இரண்டும் அடங்கக்கூடிய, கியூஆர் போன்ற சதுரக் குறியீட்டை 2027 முடிவுக்குள் உலகெங்கும் கடைகளில் வாசிக்க வைக்க, பார்கோட் இலக்கங்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு முயல்கிறது. எங்கள் சின்னக் கடைகளுக்கு அது வந்துசேரும்வரை இந்த மையெழுத்தை விட்டால் வேறு வழியில்லை.

கறித்தூள், ஒடியல் மா என்று வீட்டில் செய்து விற்கிறவர்களுக்குக் கணினி தேவையில்லை, ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு முறை திரிக்கும்போதும் ஒரு நம்பர் போட்டு, திகதி, மிளகாய், மல்லி வாங்கிய இடம், எந்த மில், எத்தனை பக்கற், எந்தக் கடைக்கு எத்தனை என்று எழுதுங்கள். அதே நம்பரை ஒவ்வொரு பக்கற்றிலும் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள்.