ஆசாரியர் வேறு, மூப்பர் வேறு: பிரசங்கக் குறிப்பு எழுதுவோர் கவனத்துக்கு

மறுபடியும் ஓர் ஆயர் அபிஷேக ஆராதனை, மறுபடியும் எபிரெயர் 5:1. ‘மனுஷரில் தெரிந்துகொள்ளப்பட்ட எந்தப் பிரதான ஆசாரியனும்’ என்று வாசித்த கையோடு, இது சபை ஊழியருக்கான வசனம் என்று விளக்கம். ஐயா, இன்னும் மூன்றே வசனம் வாசியுங்கள். 5:4-ல் இஸ்ரவேலின் முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் பெயரே நிற்கிறது. பேச்சு ஆரோன் வழி ஆசாரியரைப் பற்றியது. அடுத்த வசனத்தில் அது கிறிஸ்துவிடம் போகிறது. சபைத் தலைவர்களை இதே நிருபம் எப்படி அழைக்கிறது தெரியுமா? 13:7, 13:17 பாருங்கள்: ‘நடத்தினவர்கள்’, ‘நடத்துகிறவர்கள்’. ஆசாரியர் என்ற பேச்சே அங்கே இல்லை.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் சொல் இரண்டு. பலி செலுத்துபவர் ‘ஹியரெயுஸ்’, நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆசாரியன். வயதிலோ பொறுப்பிலோ மூத்தவர் ‘பிரெஸ்புதெரோஸ்’, மூப்பர். மாற்கு 14:53-ல் பிரதான ஆசாரியர், மூப்பர், வேதபாரகர் என்று மூன்று கூட்டம் தனித்தனியே வருகிறது. ஆங்கிலத்தில் ‘பிரீஸ்ட்’ என்ற சொல் பிரெஸ்புதெரோஸிலிருந்து பிறந்து இரண்டு வேலையும் பார்ப்பதால் குழப்பம். தமிழில் தெளிவாக இரண்டு சொல் இருந்தும் ஆங்கில விளக்கவுரையைப் பார்த்துக் குழம்புகிறோம்.

புதிய ஏற்பாட்டில் ஹியரெயுஸ் யார் யார்? யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியா போன்ற யூத ஆசாரியர், லீஸ்திரா பட்டணத்தில் கிரேக்கத் தெய்வம் சேயுஸின் பூசாரி (அப்போஸ்தலர் 14:13), கிறிஸ்து, வெளிப்படுத்தல் 1:6-ல் விசுவாசிகள் எல்லாரும். சபைப் பதவி வகிக்கும் தனி ஒருவருக்கு ஓரிடத்திலும் இல்லை. ஆயரை ஆசாரியராகப் பேசும் வழக்கு பிறகு வந்தது; சுமார் கி.பி. 200-ல் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஆயரை (பிஷப்பை) ‘பிரதான ஆசாரியர்’ என்கிறார். அந்தப் பாரம்பரியத்தைத் தாராளமாகப் பேசுங்கள், பாரம்பரியம் என்று சொல்லிவிட்டு.

எதிர்ப்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. ‘எல்லாரும் ஆசாரியர், ஆகவே மூப்பர் எதற்கு’ என்று 1 பேதுரு 2:9-ஐ வீசாதீர்கள். அதே நிருபம் 5:1-ல் மூப்பருக்குப் புத்தி சொல்கிறது.

தயவுசெய்து, குறிப்பு எழுதுமுன் கிரேக்கச் சொல்லடைவைத் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் நூல்) திறந்து எந்தச் சொல் என்று பாருங்கள். பிறகு யாரைப் பற்றியது என்று ஐந்து வசனம் முன்னும் பின்னும் வாசியுங்கள். ரோமர் 15:16-ல் மட்டும் கூடுதல் கவனம்: தமிழில் ‘ஆசாரியனாயிருந்து’ என்று வருவது மூலத்தில் பெயர்ச்சொல் அல்ல, ஆசாரிய ஊழியம் செய்வதைக் குறிக்கும் வினை. அங்கே பவுல் செலுத்தும் பலி நற்கருணையின் அப்பமும் திராட்சரசமும் அல்ல, யூதரல்லாத புறஜாதியார்.