அத்திப் போத்து: இலை முந்தும், வேர் பிந்தும்

கடலூர் பக்கம் வேலியோரம் நட்ட முருங்கைப் போத்து ஒரு மழை பார்த்தால் போதும், துளிர்த்துக்கொள்ளும். நெல்லிக்குப்பத்தைச் சுற்றிய வயல்களில் கரும்பே கரணை வைத்துத்தான் வளர்கிறது. குச்சியிலிருந்து செடி எடுப்பது இந்த மண்ணுக்குப் பழகிய வேலை. ஆனாலும் சீமை அத்தி, அதாவது உலர்பழமாகக் கடையில் கிடைக்கும் அந்த அத்தி, பலரை ஏமாற்றிவிடுகிறது. நட்ட குச்சியில் இரண்டு வாரத்தில் பச்சைப் பசேலென்று இலை வருகிறது. பிடித்துவிட்டது என்று நம்பி வெயிலுக்கு நகர்த்துகிறார்கள். கொஞ்ச நாளில் இலை தொங்கிவிடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இருக்காது.

குச்சி செத்ததற்கு உரமோ தண்ணீரோ குறைந்தது காரணமில்லை. இலை வருவதும் வேர் வருவதும் இரண்டு தனித்தனி வேலைகள். கணுவில் இருக்கும் மொட்டுக்குள் இலை ஏற்கெனவே சின்னதாக உருவாகி மடங்கிக் கிடக்கிறது. அது விரிய வேர் தேவையில்லை. தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தும் ஈரமும் போதும். வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு போன்றது அந்த மாவுச்சத்து. அது தீர்வதற்குள் வேர் வந்தாக வேண்டும். வேரின் நிலையோ வேறு. பெரும்பாலும் அதைப் புதிதாகவே உருவாக்க வேண்டும்.

எப்படி உருவாகிறது? மொட்டிலும் இளம் இலையிலும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது. இப்படி ஒரு பொருள் இருப்பதை ஓட்ஸ் நாற்றுகளை வைத்து 1920களில் நிரூபித்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் ஃபிரிட்ஸ் வென்ட். ஆக்சின் தண்டுக்குள் மேலிருந்து கீழாகவே பயணிக்கும், மணிக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வேகத்தில். முழு மரத்தில் அது வேர்வரை போய்விடும். வெட்டிய குச்சியில் போக வழியில்லாமல் அடிவெட்டில் தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் வேர் விடுவதற்கான கட்டளை. பட்டைக்கு உட்புறமுள்ள செல்கள் சில தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு மறுபடி ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. அப்புறம் அவை ஒரு வேர் முனையாக ஒழுங்காகி, தண்டின் நீர்க்குழாய்களோடு இணைந்து, பட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. தலைகீழாக நட்டால்கூட, மரத்தில் இருந்தபோது எது அடியோ அந்தப் பக்கமே வேர் விட முயலும். ஆகவே வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிடுங்கள். பிறகு குழப்பம் வராது.

வெட்டுவாயில் வெண்மையாகத் திரளும் பொருக்கைப் பார்த்து வேர் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காயம் ஆற வளர்ந்த திசு. வேர் பெரும்பாலும் அதிலிருந்து வராது. சற்று மேலே, கணுவை ஒட்டிய பட்டையிலிருந்து வரும். பார்க்க ஆசையாக இருந்தால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஓட்டை போட்டு அதில் நட்டு, வெளியே கறுப்புத் தாளைச் சுற்றிவைக்கலாம். முதலில் பட்டையில் வெள்ளைப் புள்ளிகள் உப்பும். அவை பட்டையின் சுவாசத் துளைகள்; ஈரத்தில் அப்படித்தான் பருக்கும், பூஞ்சை என்று பயந்து துடைக்க வேண்டாம். பிறகு ஒருநாள் டம்ளர் சுவரோரம் பால்வெள்ளையாக ஒரு வேர் தெரியும். அதன் நுனி கொஞ்சம் தடித்திருக்கும், தொட்டாலே ஒடிந்துவிடும். நாள் போகப் போகப் பழுப்பேறி, பக்க வேர்கள் கிளைத்தால்தான் அதை வேர் என்று நம்பலாம். அதுவரை இடம் மாற்றாதீர்கள். பிடுங்கிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. இழுத்த இழுப்பில் போவது எத்தனையோ நாள் உழைப்பு.

தண்டில் வேர் விடுவது அத்திக் குடும்பத்துக்குக் கைவந்த வித்தை. ஆரோவில்லில் மாத்ரி மந்திருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆலமரத்தின் விழுதுகள் அப்படி வந்தவைதான். ஆலும் அத்தியும் ஒரே பேரினம். அப்படியிருந்தும் எல்லா ரகமும் ஒரே வேகத்தில் வேர் பிடிப்பதில்லை. பிரவுன் டர்க்கி போன்றவை மூன்று நான்கு வாரத்தில் வேர் காட்டும். பிளாக் மதீரா, கோல் தே தாம் போன்ற வெளிநாட்டு ரகங்கள் இரண்டு மூன்று மாதம்கூட இழுக்கும். தண்டில் சேமிப்பு எவ்வளவு, கிளை எவ்வளவு முற்றியது என்பவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. பல அத்தி ரகங்களில் மொசைக் வைரஸ் தலைமுறை தலைமுறையாகப் போத்து வழியாகவே வருகிறது. இலையில் மஞ்சள் திட்டும் கோணலும் தெரிந்தால் அந்தத் தாய்மரத்தை விட்டுவிடுங்கள். தொற்றிய குச்சி ஆரம்பத்தில் மிக மெதுவாகத்தான் நகரும்.

விதை போட்டால் என்ன என்று கேட்கலாம். நாம் வளர்க்கும் ரகங்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பவை. அவற்றின் விதைகள் உள்ளீடற்ற பொக்கு. ஆகவே போத்துதான் வழி. ஜோர்டான் பள்ளத்தாக்கின் கில்கால் என்ற இடத்தில் சுமார் 11,400 ஆண்டுப் பழமையான கரிந்த அத்திப்பழங்கள் கிடைத்தன. அவையும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்த்த வகை என்றும், அந்தக் காலத்து மனிதர்களே போத்து நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்றும் 2006இல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு. சரியென்றால் நெல்லுக்கும் முந்திய பயிர் இது!

குச்சியைத் தேர்ந்தெடுக்கும்போது பென்சில் தடிமனில், கொஞ்சம் முற்றிய, மூன்று நான்கு கணு உள்ளதாகப் பாருங்கள். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது. அத்திப் பால் தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளமே வந்துவிடும். கடையில் கிடைக்கும் வேர் ஊக்கிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் ஐபிஏ என்ற ஆக்சின். 1935 முதலே வேர் விடச் செய்யும் பொருளாக அறியப்பட்டது. மந்தமான ரகத்துக்கு அது உதவக்கூடும். ஆனால் மாவுச்சத்து இல்லாத மெல்லிய குச்சியை எந்தப் பொடியும் காப்பாற்றாது.

குளிர்நாடுகளில் தொட்டிக்கு அடியில் மின்சூடேற்றி வைத்து மண்ணை 25 டிகிரி செல்சியஸ் அளவில் காக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை; பொங்கல் கழிந்த தை, மாசியில் புதுச்சேரி மண்ணே அந்தச் சூட்டில் இருக்கும், கடல்காற்றின் ஈரமும் இலையை வாடாமல் காக்கும். நமக்கு எமன் தண்ணீர்தான். மண் சொதசொதவென்று இருந்தால் அதற்குள் காற்று நிற்காது. பிரியும் செல்லுக்கு ஆக்சிஜன் வேண்டும். கிடைக்காவிட்டால் அடி கறுத்து அழுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே வைத்த குச்சிகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. ஆற்று மணலும், நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவும் சம அளவு கலந்து, கையில் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் வைத்தால் போதும். உரம் இப்போது வேண்டாம். நிழல், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, அவ்வளவே.

வேர் பிடித்த பிறகும் செடி முதல் வருஷம் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் அது மண்ணுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டி அவசரப்படுத்துவது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. அக்னி நட்சத்திரம் முடிந்து, ஆடியில் தரைக்கு மாற்றினால் அடைமழைக்கு முன் வேர் ஊன்றிக்கொள்ளும். கடற்கரையோர மணல் நிலம் என்றால் ஒரு எச்சரிக்கை: வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அத்தி மிகவும் பிடித்த தீனி. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணை நிறையத் தொழு உரத்தோடு கலந்து குழியை நிரப்பி, சுற்றிலும் செண்டுமல்லி நடலாம். புழு அதிகம் உள்ள இடத்தில் நாட்டு அத்தி நாற்றின் மேல் சீமை அத்தியை ஒட்டுக் கட்டுவது இன்னும் உறுதியான வழி. போத்து என்பது ஏற்கெனவே காய்க்கும் வயதை எட்டிய மரத்தின் துண்டு. அதனால் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே புதுக் கிளையின் இலைக் கக்கங்களில் பிஞ்சு தெரியத் தொடங்கும்.