ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு மாதம் 1,750 ரூபாய்: யாருக்குக் கிடைக்கும், எங்கே மாட்டிக்கொள்ளும்

அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், படிக்கும் பிள்ளைக்கு மாதாமாதம் வரக்கூடிய பணம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று 750 ரூபாய், இன்னொன்று 1,000 ரூபாய். ஒன்றை வாங்கினால் மற்றது கிடைக்காது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும் பெற்றோர்கள் உண்டு. அப்படி எதுவும் இல்லை. தகுதி இருந்தால் இரண்டையும் வாங்கலாம்.

முதலில் அந்த 750. தஞ்சாவூர், நாகப்பட்டினம், கொரடாச்சேரி என்று எந்த அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் பயிற்சிக் கட்டணம் கிடையாது. இந்த உதவித்தொகையும் உண்டு. பஸ் பாஸ், சைக்கிள், பாடப்புத்தகம், வரைபடக் கருவி, தையற்கூலியோடு சீருடை, ஷூ எல்லாம் தருகிறார்கள். ஆனால் பணம் வருகைப் பதிவுக்கு ஏற்பத்தான் வரும். நம் டெல்டாப் பக்கத்தில் அடி விழுவது இங்கேதான். தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால் அறுப்பு மெஷினோடு கிளீனராகக் கிளம்பிவிடும் பையன்கள் இருக்கிறார்கள். அன்றன்றைக்குக் கூலி கைக்கு வருவதால் வீட்டிலும் ஒன்றும் சொல்வதில்லை. வருகை குறைந்தால் உதவித்தொகை குறைவதோடு போகாது, தேர்வு எழுதுவதிலும் சிக்கல் வரும். டீசல் மெக்கானிக் படிப்பவன் சான்றிதழோடு வெளியே வந்தால் அதே மெஷினைப் பழுதுபார்க்கும் ஆளாகப் போகலாம், கிளீனராக அல்ல.

அடுத்தது 1,000 ரூபாய். பெண்களுக்கு இது புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. புதுமைப் பெண்ணின் முழுப் பெயரில் மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூர் இருக்கிறது: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். முன்பு அதே அம்மையார் பெயரில் திருமணத்துக்குக் கொடுத்த உதவியைத்தான் படிப்புக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம் என்றே நான் சொல்வேன்.

தகுதி இதுதான்: ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப்படிப்பு முடியும்வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. சாதி, வருமான வரம்பு எதுவும் இல்லை. ஒரு வீட்டில் அக்கா, தங்கை இரண்டு பேர் படித்தால் இரண்டு பேருக்கும் வரும். எட்டு, பத்து, பன்னிரண்டு, எதை முடித்துவிட்டு வந்தாலும் முதன்முறையாகச் சேரும் மேற்படிப்புக்கு மட்டும்தான் இது. அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கு இல்லை. படிப்பு முடியும்வரை கிடைக்கும் என்பதால், ஓராண்டுப் படிப்பான வெல்டருக்கு மொத்தம் 12,000, இரண்டாண்டு படிக்கும் பிட்டருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ 24,000.

இதற்கு இ-சேவை மையத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. நிலையத்திலேயே மாணவர் விவரத்தை இணையத்தில் ஏற்றுவார்கள். அதற்கு ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு விவரத்தோடு பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணும் வேண்டும். எமிஸ் எண் மறந்துவிட்டால் பழைய பள்ளியில் கேட்டால் சொல்வார்கள்.

சரி, எல்லாம் கொடுத்தும் பணம் வரவில்லையா? முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கை. பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை; எந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதோ அங்கே போய் விழும். பள்ளி நாளில் ஏதோ ஓர் உதவித்தொகைக்காகக் கூட்டுறவு வங்கியிலோ தபால் நிலையத்திலோ கணக்கு திறந்து, அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருப்பார்கள். பணம் அங்கே குவிந்துகொண்டிருக்கும், பிள்ளை புதுப் பாஸ்புக்கை வரிக்கு வரி தேடிக்கொண்டிருக்கும். ஆதார் இணையதளத்துக்குள் போனால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் நீங்கள் விரும்பும் வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். இன்னொரு தலைவலி இனிஷியல். ஆதாரில் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், வங்கியில் அப்பாவின் பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால், சேர்க்கைக்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுவது நல்லது.

பத்தாம் வகுப்பு முடித்து வந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஐ.டி.ஐ. படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்கான படிப்புதவி, விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 4,000, வீட்டிலிருந்து போய் வந்தால் 2,500. இதற்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் தேவை. சேர்க்கை நடக்கும் நேரமும் குறுவை நடவும் ஒன்றாக வந்து நிற்கும், அப்போது வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வீட்டில் ஆள் கிடைக்காது. மே மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

பஸ் வசதியில்லாத கடைமடை ஊர்ப் பிள்ளைகள் விடுதியைக் கேட்டுப் பார்க்கலாம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி விடுதிகளில் ஐ.டி.ஐ. மாணவர்களையும் சேர்க்கிறார்கள். பையன்களுக்கு வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பெண்களுக்கு அந்தத் தூரக் கணக்கு இல்லை.

படிப்பு முடிந்ததும் இந்த மாதப் பணமெல்லாம் நின்றுவிடும். அப்புறம் அப்ரண்டிஸ் பயிற்சி. திருச்சி பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, கும்பகோணம் போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கடைசி ஆறு மாதத்திலிருந்தே கவனிக்க வேண்டும்.

1,000 ரூபாய் தொடர்பாக நிலையத்தில் கேட்டும் பதில் இல்லையென்றால் மாவட்ட சமூகநல அலுவலகம், அதுவும் நகரவில்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டம். போகும்போது ஆதார் இணைப்பு நிலையைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள். அங்கே கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.