நெட்டைத் தொட்டியா, குட்டைத் தொட்டியா?

கீழக்கரையில் புது வீடு கட்டிக் குடிபோயிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஹாலில் பெரிய மீன்தொட்டி வைக்க ஆசை. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 3 அடி உயரம் போடச் சொல்கிறார் கடைக்காரர். சரிப்படுமா?”

இடம் இருந்தால் 6 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போடுங்கள். அடிக்கு 30 செ.மீ. என்று வைத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். 120 × 45 × 90 என்றாலும் 486 லிட்டர், 180 × 60 × 45 என்றாலும் 486 லிட்டர். தண்ணீர் ஒன்றுதான், நிற்கும் விதம்தான் வேறு. முதலாவதை நெட்டை என்றும் இரண்டாவதைக் குட்டை என்றும் சொல்லிக்கொள்வோம். குட்டை என்றால் சிறு நீர்நிலை என்றும் பொருள் உண்டு, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

முதலில் கண்ணாடி. நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, லிட்டரைப் பொறுத்ததல்ல. இது பள்ளிக்கூடப் பாடம். நெட்டையின் முன்கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை 486 கிலோ எடைக்குச் சமம் (கொள்ளளவோடு எண் ஒத்துப்போனது தற்செயல்). குட்டையில் கண்ணாடி இரண்டடி கூடுதல் நீளமாக இருந்தும் 182 கிலோதான். நீளம் மாறாமல் உயரம் மட்டும் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் குட்டைக்கு 10 மி.மீ. கண்ணாடியும் மேல் விளிம்பைச் சுற்றி ஒட்டிய கண்ணாடிப் பட்டையும் போதும். நெட்டைக்கு 19 மி.மீ. வேண்டும். 12 மி.மீ. போதும் என்று யாராவது சொன்னால் அவரிடம் தொட்டி வாங்காதீர்கள். இன்னொன்று, 3 அடி ஆழத்தில் விழுந்த கல்லை எடுக்கக் கை எட்டாது.

இனி மூச்சு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். 486 லிட்டருக்கும் சேர்த்து 4 கிராம்கூட இல்லை, ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. மூலையில் கிடக்கும் 20 லிட்டர் காலித் தண்ணீர் கேனுக்குள் இருக்கும் காற்றில் இதைவிட அதிக ஆக்சிஜன் இருக்கிறது! அத்தனை மீனும் அந்தத் தேக்கரண்டியை நம்பித்தான் மூச்சு விடுகின்றன. அது தீரத் தீர மேல்பரப்பு வழியாகக் காற்றிலிருந்து நிரம்ப வேண்டும்.

நிரம்பும் விதம்தான் விசித்திரம். அசையாத நீரில் ஆக்சிஜன் மூலக்கூறு நேராக இறங்குவதில்லை. நீர் மூலக்கூறுகள் மோதும் பக்கமெல்லாம் அலைக்கழிந்து, திருவிழாக் கூட்டத்தில் கைவிட்ட குழந்தை மாதிரி, ஓரடி முன்னும் முக்காலடி பின்னுமாகப் போகிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் அது பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. இப்படி அலைந்து ஒரு மில்லிமீட்டர் இறங்க மூன்றரை நிமிடம், ஒரு சென்டிமீட்டர் இறங்க 6 மணி நேரம் ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. அந்தக் கணக்கில் 45 செ.மீ. இறங்க 500 நாளுக்கு மேல். நெட்டையின் அடிக்கோ ஐந்தரை ஆண்டு! கண்ணாடியில் பார்த்த அதே வர்க்கக் கணக்குதான் (இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு) இங்கேயும் வந்து நிற்கிறது. உயரத்தைக் கூட்டினால் இரண்டு பக்கமும் அடி.

பிறகு எப்படி மீன் பிழைக்கிறது? தண்ணீர் புரள்வதால். ஏர் பம்ப் விடும் குமிழிகள்தான் ஆக்சிஜனைக் கொட்டுகின்றன என்று நினைக்கிறோம். குமிழி நீரில் இருப்பது ஓரிரு நொடி. அதற்குள் அது கொடுப்பது கொஞ்சமே. பெரிய வேலை வேறு: மேலே ஏறும்போது அடித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வந்து காற்றுக்குக் காட்டுகிறது. காற்றைத் தொட்ட மெல்லிய நீர்ப்படலம் கணநேரத்தில் நிரம்பிவிடும். அதைப் பெயர்த்துக் கீழே அனுப்பி, புதுப் படலத்தை மேலே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். நெட்டைக்குக் காற்றைத் தொடும் முகம் 0.54 சதுர மீட்டர், குட்டைக்கு 1.08. சரியாக இரட்டிப்பு. மணிக்கு 2,000 முதல் 2,500 லிட்டர் தள்ளும் மோட்டாரைப் போட்டு, அதன் வாய் மேல்பரப்பைச் சிலிர்க்கவைக்கும்படி திருப்பிவையுங்கள். சமையலறைப் புகையெண்ணெய் படிந்து மேலே ஆடை கட்டினால் டிஷ்யூ காகிதத்தை விரித்து ஒற்றியெடுங்கள். கரன்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

ஆக்சிஜன் தீர்ந்தால் கடலுக்கும் இதே கதிதான். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகித் தண்ணீர் பச்சையானது. ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின. அலையடிக்கும் தென்கடலுக்கே அப்படி என்றால், ஹாலில் அசையாமல் நிற்கும் தண்ணீரைக் கேட்க வேண்டாம்.

வெயிலுக்கும் அகன்ற முகம் உதவுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் மொத்தத் தொட்டியும் ஏறத்தாழ 1.2 டிகிரி குளிரும். சின்ன ஃபேன் ஒன்றை மேல்பரப்பைப் பார்த்துத் திருப்பினால் போதும், குளிரூட்டும் எந்திரம் பெரும்பாலும் தேவைப்படாது. புழுக்கம் கூடிய நாளில் மட்டும் பலன் குறையும். வற்றியதற்கு ஈடாக நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை, தொட்டியிலேயே தங்குகிறது.

மீன் செத்தால் “வீட்டுக்கு வந்த திருஷ்டியை வாங்கிக்கொண்டது” என்று சொல்லி, மறுநாளே புது மீன் வாங்கி விடுகிறார்கள். திருஷ்டியின் பெயர் அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நஞ்சான வடிவத்தின் பங்கு, 30 டிகிரியில் பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், கூடினால் காரம்) 7 என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். 8 என்றால் ஏழரை சதவீதம். கடலோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் காரமாகவும் உப்பாகவும் இருப்பதால் சோதிக்காமல் ஊற்றக் கூடாது. ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீன்களுக்கு மேல் விடாதீர்கள். ஈசானி மூலையில் வைப்பது உங்கள் விருப்பம், ஆனால் கிழக்கு ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் பாசிதான் செழிக்கும்.

ராமநாதபுரத்துக்காரர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். வாரம் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 100 லிட்டர், ஏழு குடம். காவிரிக் குழாயில் குடம் வைத்துப் பிடிக்கும் தெருவில் அது சின்ன விஷயமா? முடியாதென்றால் 4 × 1.5 × 1.5 அடி, 243 லிட்டர் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒருநாள் ஏர் பம்ப் ஓடவிட்டோ சோடியம் தயோசல்பேட் போட்டோ நீக்குங்கள். மாற்றியெடுத்த தண்ணீர் தென்னைக்குப் போகட்டும்.

எந்த மீன் என்பதும் அளவைத் தீர்மானிக்கும். ‘ஷார்க்’ என்று இரண்டு அங்குலத்தில் விற்கும் பங்காசியஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், இந்தக் குட்டைக்கும் ஆகாது. ஆஸ்கர் ஓரடி வளரும், இரண்டடி அகலத்தில் தாராளமாகத் திரும்பும். கடல்மீன் வைக்க நினைத்தால் பவளத்தையும் கடல் குதிரையையும் கடலிலிருந்து எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்கவைக்கும் நுட்பம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் கொடுப்பதை வீண் செலவு என்பவர்கள், பாறையிலிருந்து மீன் பிடித்து விற்பதால் வரும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

மாடியில் வைப்பதென்றால் எடையைப் பாருங்கள். கண்ணாடி, மணல், பீடம் சேர்ந்து குட்டையே 650 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கில் வடிவமைப்பார்கள். தண்ணீர் மட்டுமே குட்டையில் சதுர மீட்டருக்கு 450 கிலோ, நெட்டையில் 900. பொறியாளரைக் கேட்காமல் மாடியில் வைக்காதீர்கள், தரைத்தளமே உத்தமம். இரும்பு ஸ்டாண்டை உப்புக்காற்று தின்றுவிடும். ஹாலோ பிளாக் சுவர் மூன்று எழுப்பி, மேலே கடப்பா கல் போட்டு, ரசமட்டம் பார்த்து, தெர்மாகோல் விரித்து வையுங்கள்.

ஒட்டியபின் சிலிக்கானின் புளித்த வினிகர் வாடை அடங்க ஒரு வாரம் விடுங்கள். பிறகு வெளித்திண்ணையில் வைத்து விளிம்புவரை நிரப்பி, மூட்டுகளின் கீழே செய்தித்தாள் விரித்துவிடுங்கள். மூன்று நாள் கழித்தும் தாள் உலர்ந்திருந்தால் ஹாலுக்குள் கொண்டுபோகலாம்.